லைட் அடித்தால் 'வா' என்றா, 'நில்' என்றா?

கேள்வி: கோவையில் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியவன் நான். வேலை மாற்றலில் லண்டன் ஹாரோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இந்திய லைசென்ஸில்தான் ஓட்டுகிறேன். 'அங்கே எல்லாம் ஒழுங்கு' என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒழுங்கைத்தான் காணோம். மோட்டார்வேயில் இடது லேன் காலியாகக் கிடக்க, நடு லேனில் 60 மைல் வேகத்தில் ஊர்கிறார்கள். ரவுண்டானாவில் நேராகப் போகும் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள். எதிரே வந்தவர் லைட் அடித்தார் என்று நின்றால் முறைக்கிறார். இன்னொரு நாள் லைட் அடித்ததை நம்பித் திரும்பினால், அடுத்த லேனில் வந்தவர் இடிக்காத குறை. சந்திப்பில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்தில் ஏழு விநாடி நின்றதற்கு 160 பவுண்டு அபராத நோட்டீஸ். இந்த ஊர் லைசென்ஸுக்கான டிரைவிங் டெஸ்டிலும் தோற்றுவிட்டேன். சிறு பிழை (மைனர்) ஆறுதான், ஆனால் பெரிய பிழை (சீரியஸ்) ஒன்று: நிறுத்தியிருந்த கார்களைத் தாண்டும்போது எதிரே வந்த வேனுக்கு வழிவிடவில்லையாம். போன மாதம் லூட்டனில் இருக்கும் மச்சானின் காரில் ஜெர்மனி ஹாம் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஆட்டோபான் என்கிற அந்த ஊர் மோட்டார்வேயில் எவ்வளவு வேகத்தில் போனாலும் நிம்மதியாக இருந்தது. ஓட்டத் தெரியாதது இவர்களுக்கா, எனக்கா? அடுத்த கோடையில் நானே ஹாம் வரை ஓட்டிப் போகலாமா?

பதில்: நடு லேன் பற்றிய உங்கள் கோபம் முழு நியாயம். ரவுண்டானா, மஞ்சள் கட்டம், டெஸ்ட் மூன்றிலும் தவறு உங்கள் பக்கம். லைட் விஷயத்தில் இரு பக்கமும் தப்பு. ஜெர்மனிப் பயணத்துக்கு லைசென்ஸ் தேதி குறுக்கே நிற்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஓட்டத் தெரியாதது யாருக்கு என்பதற்கு முதலில் ஒரு கணக்கு. 2022-இல் சாலை விபத்துகளில் கிரேட் பிரிட்டனில் இறந்தவர்கள் 1,711 பேர். நீங்கள் மெச்சும் ஜெர்மனியில் 2,788 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஜெர்மனியிலும் தமிழ்நாட்டிலும் மக்கள்தொகை கொஞ்சம் கூடுதல்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த ஊர்க்காரர்கள் மோசமான ஓட்டுநர்கள் இல்லை என்பது தெரியும். ஆனால் வெளியூரிலிருந்து வருபவருக்கு எரிச்சல் மூட்டும் ஓட்டுநர்கள்தான், சந்தேகமில்லை. காரணம், இங்கே சாலையில் பாதிக் காரியம் சட்டப்படி நடக்கிறது, மீதிப் பாதி மரியாதையால் நடக்கிறது. ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார், கை காட்டுகிறார், லைட் அடிக்கிறார், தனக்கு உரிய வழியை அடுத்தவருக்குத் தருகிறார். அந்த மரியாதையை நாம் சட்டம் என்று எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ஏமாளித்தனம் என்று நினைத்து உள்ளே புகுந்துவிடுகிறோம். உங்கள் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. எந்த இடத்திலும் 'இங்கே முதல் உரிமை யாருக்கு?' என்பதை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு அடுத்தவர் காட்டும் தாராளத்தைப் பாருங்கள்.

லைட்டையே எடுத்துக்கொள்வோம். கோவை அவிநாசி சாலையில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால் 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ அங்கேயே நில்' என்று அர்த்தம். பிரான்ஸிலும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே, முந்தப் போகிறேன் என்று தெரிவிக்கக் கொஞ்ச நேரம் லைட் அடிக்கச் சட்டமே இடம் தருகிறது. பிரிட்டனில் வழக்கம் தலைகீழ்: 'நான் காத்திருக்கிறேன், நீங்கள் போங்கள்' என்பதற்குத்தான் லைட் அடிப்பார்கள். அவர் உங்களுக்கு வழி தருகிறார், நீங்கள் நிற்கிறீர்கள், அவரும் நிற்கிறார், பின்னால் ஐந்து கார் நிற்கிறது. முறைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் இது வழக்கம் மட்டும்தான், விதி இல்லை. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 110-ஆம் விதிப்படி, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம், வேறு எந்தச் செய்திக்கும் அடிக்கக்கூடாது. அடுத்த விதி, லைட் அடித்ததைப் போகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறது. இரண்டாவது நாள் உங்களுக்கு நேர்ந்ததே அதற்குக் காரணம். எதிர்ப்பக்கம் இரண்டு லேன். உங்கள் பக்கம் இருந்த லேனில் வரிசை நின்றிருக்கிறது. ஒருவர் இடைவெளி விட்டு லைட் அடிக்கிறார், நீங்கள் வலப்பக்கம் திரும்புகிறீர்கள். அவர் தன் லேனுக்குத்தான் உறுதி சொல்ல முடியும். அவருக்கு அந்தப் பக்கம் காலியான லேனிலோ பஸ் லேனிலோ ஒரு மோட்டார் சைக்கிளோ டாக்சியோ 30 மைலில் வரும். நின்றிருக்கும் கார்கள் மறைப்பதால் உங்களுக்கு அது தெரியாது. மோதினால் லைட் அடித்தவர் போய்க்கொண்டே இருப்பார். குறுக்கே வெட்டியவர் என்று பெரும்பாலும் உங்கள் தலையில்தான் பொறுப்பு விழும். இதையே தொழிலாக வைத்து, பக்கத்துச் சாலையிலிருந்து வருபவருக்கு லைட் அடித்து வரவழைத்து, வேண்டுமென்றே மோதி இன்சூரன்ஸ் பணம் கேட்கும் கும்பல்களும் இங்கே உண்டு. 'நான் லைட்டே அடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

அதனால் லைட்டைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். அவருடைய முன்சக்கரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா? பின்னால் வருபவரும் குறைத்துவிட்டாரா? பிறகு ஒவ்வொரு லேனாகத் தாண்டிப் பாருங்கள். பார்வை மறைந்தால், நடந்து போகும் வேகத்துக்கும் குறைவாக, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் நிலையிலேயே வைத்து, மூக்கை மட்டும் நீட்டி நில்லுங்கள். தெரிந்த பிறகு போங்கள், போகும்போது கையை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் இந்த ஊர்க்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் புலம்புவார். நீங்கள் வழிவிட விரும்பினால் லைட்டைத் தொடவே வேண்டாம். முன்கூட்டியே வேகம் குறைத்து இடைவெளி விடுங்கள், புரிந்துகொள்வார்கள். டெஸ்டில் யாருக்கும் லைட் அடிக்கவோ கை காட்டி அழைக்கவோ கூடாது.

அடுத்து, உங்களைத் தோற்கடித்த அந்தத் தெரு. ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம் எங்கு போனாலும் வீட்டுத் தெருக்களில் இரு பக்கமும் கார் நிறுத்தி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான் மிச்சம் இருக்கும். ஊரில் இதற்கு விதி எளிது: முதலில் மூக்கை நுழைத்தவருக்கே வழி. இங்கே தடை யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர் காத்திருக்க வேண்டும். நிறுத்திய கார்கள் உங்கள் இடப்பக்கம், எதிரே வந்த வேனின் பக்கம் காலி. ஆக உரிமை வேனுக்கு. நீங்கள் புகுந்ததால் அவர் பிரேக் அடித்தார் அல்லது ஒதுங்கினார். அடுத்தவரைப் பிரேக் அடிக்கவோ திசை மாற்றவோ வைத்தால் அது சீரியஸ் பக்கம் போய்விடும், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று எக்ஸாமினரிடம் வாதிட்டுப் பயனில்லை.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது நிற்கும் இடம். பெரும்பாலோர் நிறுத்திய காரின் பம்பரை ஒட்டிப் போய் நிற்கிறார்கள். அங்கிருந்து எதிரே எதுவும் தெரியாது, கிளம்பவும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டும். இரண்டு கார் நீளம் முன்பே, சாலையின் நடுக்கோட்டை நோக்கிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பார்வையும் கிடைக்கும், ஒரே சாய்வில் வெளியே வரவும் முடியும். தாண்டும்போது நிறுத்திய கார்களுக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் வேண்டும், கதவு திறக்கும் அகலம் அது. ஒரு மீட்டர் கிடைக்காத இடத்தில் வேகத்தை 10 மைலுக்கும் கீழே கொண்டுவாருங்கள். இரு பக்கமும் கார் நின்றால் யாருக்கும் தனி உரிமை இல்லை. ஒதுங்கும் இடைவெளி யாருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ஒதுங்குவார். அந்த இடைவெளிகளை முப்பது நாற்பது மீட்டர் முன்பே கண்ணால் தேடிக்கொண்டே போக வேண்டும். வேன் நெருங்கிய பிறகு தேடினால் ரிவர்ஸ்தான்.

ரவுண்டானாவில் 'நேராகப் போகிறேன்' என்றீர்களே, அந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது. வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடும் விதி பிரிட்டனில் 1966-இல் வந்தது. இந்தியச் சட்டத்திலும் இதே விதிதான், நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எட்டு மாதத்தில் அது உங்களுக்குப் பழகியிருக்கும். ஹாரன் வாங்கித் தருவது பெரும்பாலும் உள்ளே போன பிறகு நடப்பது.

நான்கு கிளை, நுழையும் இடத்தில் இரண்டு லேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடது லேனில் நுழைகிறீர்கள். பக்கத்தில், வலது லேனில், வலப்பக்கம் திரும்ப ஒருவர் நுழைகிறார். வட்டத்தில் உங்கள் லேன் முதலில் வெளிப்பக்கம் வளைந்து, பிறகு உள்ளே வந்து, மீண்டும் வெளியேறும். அந்த வளைவைப் பின்பற்றாமல் நீங்கள் நேர்கோடு போட்டால், நடுவில் அவருடைய லேனை வெட்டுவீர்கள். அவர் ஹாரன் அடிக்கிறார். இதன் இன்னொரு வடிவம், காலியாக இருக்கிறதே என்று வலது லேனில் நுழைந்து நேரே போக முயன்று, வெளியேறும்போது இடப்பக்கத்தவரை நசுக்குவது.

சரியான வரிசை இது. பலகையும் தரை எழுத்தும் வேறு சொல்லாதவரை, முதல் கிளைக்கு இடது லேன், இடது இண்டிகேட்டர். நேரே செல்ல இடது லேன், நுழையும்போது இண்டிகேட்டர் இல்லை. வலப்பக்கம் அல்லது முழு வட்டத்துக்கு வலது லேன், வலது இண்டிகேட்டர். எந்த வழியானாலும், உங்களுக்கு முந்தைய கிளையைத் தாண்டிய அந்தக் கணத்தில் இடது கண்ணாடி, பிறகு இடது இண்டிகேட்டர். இந்தக் கடைசி இண்டிகேட்டரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே காத்திருப்பவர் உங்களைப் பார்த்துத்தான் நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். இரண்டாவது கியரில் அணுகுங்கள், இருபது முப்பது மீட்டர் முன்பே வலப்பக்கம் பார்க்கத் தொடங்குங்கள். ஆனால் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நகராதீர்கள். முன்னால் உள்ள கார் கிளம்பிவிட்டது என்று நம்பி, அது திடீரென நிற்க, அதன் பின்னால் போய் மோதுவது இங்கே சர்வசாதாரணம்.

ஏ40-இல் ஹேங்கர் லேன் போன்ற பெரிய சந்திப்புகளில் இந்த விதிகளை மறந்துவிட்டுத் தரையைப் படியுங்கள். சாலை எண்ணும் அம்பும் வரைந்திருக்கும், சிக்னலும் உண்டு. தப்பான லேனில் மாட்டிக்கொண்டால் அது எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்த் திரும்பி வாருங்கள். கடைசி நேரத்தில் குறுக்கே பாய்வதைவிட ஐந்து நிமிடம் மலிவு. தரையில் வெள்ளைப் புள்ளியாகத் தீட்டிய மினி ரவுண்டானாவும் ரவுண்டானாதான், கார் அதன் மேல் ஏறக்கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இந்த மினி வகை ஐந்தை ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி அடுக்கி, உள்வட்டம் எதிர்த்திசையில் ஓடும்படி ஸ்விண்டனில் 1972-இல் ஒன்று கட்டினார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் ஆறு மினி கொண்ட இன்னொன்று இருக்கிறது. ஞாயிறு காலை கூட்டமில்லாதபோது ஒரு பயிற்றுநருடன் போய்ச் சுற்றினால் வலப்பக்க விதி எலும்பில் இறங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் தனி ரவுண்டானாவாக எண்ணுங்கள், முழுப் படத்தையும் பார்த்தால் மிரண்டுவிடுவீர்கள்.

உங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பவர்களும் விதியை மீறுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து 'நான் இருக்கிறேன்' என்று எச்சரிக்க மட்டுமே ஹாரன். கோபத்தைக் காட்ட இல்லை. ஊர்ப்பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை, ஆபத்து ஏற்பட்டாலொழிய அடிக்கவே கூடாது.

இனி நடு லேன். இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். முந்துவதற்கு மட்டுமே நடு லேனும் வலது லேனும், மற்ற நேரம் இடது லேன் என்பது ஹைவே கோடின் 264-ஆம் விதி. 2013 ஆகஸ்டிலிருந்து போலீஸ் நேரடியாக 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளியும் போடலாம். ஆனால் அதற்கு ஒரு போலீஸ் கார் பின்னால் வர வேண்டும், கேமரா இதைப் பிடிப்பதில்லை. பலர் நடுவில் குடியிருப்பது திமிரால் இல்லை, பயத்தால். இடது லேனில் லாரிகள் வரும், நுழைபவர்கள் வருவார்கள், நடுவில் இருந்தால் யாருக்கும் இடம் மாற வேண்டாம் என்ற நினைப்பு. அதன் விலையை லாரி ஓட்டுநர் கொடுக்கிறார். மூன்று லேன் சாலையில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி வலது லேனுக்குப் போகக்கூடாது. அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 56 மைலில் பிடித்து நிறுத்துகிறது. இடது லேனில் 52-இல் போகும் இன்னொரு லாரியை முந்த அதற்கு நடு லேன் ஒன்றுதான் வழி. அங்கே ஒரு குடும்பக் கார் 55-இல் உட்கார்ந்திருந்தால் லாரிக்கு வழியே இல்லை. முந்த நினைக்கும் கார்களெல்லாம் வலது லேனில் அடைகின்றன. ஒரே ஆள் மூன்று லேன் சாலையை ஒன்றரை லேனாக்கிவிடுகிறார்.

அதற்காக இடப்பக்கமாகத் தாண்டிவிடாதீர்கள். இடப்பக்கம் முந்தாதே என்பது 268-ஆம் விதி. அதை மட்டும் வைத்துத் தனிக் குற்றம் இல்லாவிட்டாலும், கவனக்குறைவாக ஓட்டியதாகக் கேஸ் ஆகலாம். நெரிசலில் எல்லா லேனும் மெதுவாக ஊரும்போது உங்கள் லேன் கொஞ்சம் வேகமாக நகர்ந்தால் அதோடு போகலாம், அது முந்துவது ஆகாது. காலியான சாலையில் அவர் 60, நீங்கள் 70 என்றால்: தூரத்திலேயே கண்ணாடி பார்த்து நடு லேனுக்கு, நிதானமாக வலது லேனுக்கு, தாண்டி, அவருடைய முழு முகப்பும் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு நடுவுக்கு, அப்படியே இடதுக்கு. நீங்கள் திரும்ப இடதுக்குப் போவதைப் பார்த்துச் சிலர் திருந்துவது உண்டு. அவர் பின்னால் ஒட்டிப் போய் லைட் அடித்துப் பாடம் நடத்த வேண்டாம். ஒட்டிப் போவதற்கும் அதே 100 பவுண்டு, 3 புள்ளி. 70 மைலில் நிற்க 96 மீட்டர் வேண்டும். முன்வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதைத் தொடக் குறைந்தது இரண்டு விநாடி ஆக வேண்டும், மழையில் நான்கு.

ஜெர்மனியில் உங்களுக்குக் கிடைத்த நிம்மதிக்குக் காரணம் வேகம் இல்லை, இந்த லேன் ஒழுக்கம்தான். வலப்பக்கம் ஒதுங்கி ஓட வேண்டும், தப்பான பக்கம் முந்தக்கூடாது என்பதில் அங்கே விட்டுக்கொடுப்பு குறைவு. லேன் குறையும் இடத்திலும் அப்படித்தான். ஜிப் போல ஒன்றுவிட்டு ஒன்று சேர வேண்டும் என்று அங்கே சட்டமே எழுதியிருக்கிறார்கள். இங்கே ஹைவே கோடும், மெதுவாக நகரும்போது மாறி மாறிச் சேருங்கள் என்று பரிந்துரைக்கிறது. ஆனால் பிரிட்டிஷ்காரருக்கு வரிசை என்பது மதம். காலியான லேனில் கடைசி வரை போவதை வரிசையில் புகுந்ததாகவே பார்ப்பார். சேரச் சொல்லும் பலகை இருந்தால் தயங்காமல் கடைசி வரை போங்கள், பக்கத்து லேனின் வேகத்துக்குச் சமமாக வந்து சேருங்கள். பலகை இல்லாத இடத்தில் சண்டை வேண்டாம்.

மஞ்சள் கட்டத்துக்கு வருவோம். வெளியேறும் இடம் காலியாகாமல் உள்ளே போகக்கூடாது. விதிவிலக்கு ஒன்றுதான்: வலப்பக்கம் திரும்புபவர், எதிரே வரும் வண்டிகளாலோ தன்னைப் போலவே திரும்பக் காத்திருப்பவர்களாலோ தடைபட்டால் உள்ளே நின்று காத்திருக்கலாம். நேரே போனவருக்கு இது கிடையாது. முன்கார் நகர்கிறது, பச்சை எரிகிறது என்று பின்னாலேயே போவதுதான் எல்லோரும் மாட்டும் வழி. கோட்டுக்கு முன்னால் நில்லுங்கள், பச்சை எரிந்தாலும் சரி. கட்டத்தைத் தாண்டி உங்கள் கார் முழுதாக அடங்கும் அளவுக்குத் தரை தெரிந்த பிறகே நகருங்கள். பின்னால் ஹாரன் கேட்டால் கேட்கட்டும், அபராதத்தை அவர் கட்டப்போவதில்லை.

நோட்டீஸை உடனே கட்டிவிடாதீர்கள். அதில் உள்ள எண்ணைப் போட்டு இணையத்தில் வீடியோவைப் பாருங்கள். நின்றிருக்கும் வண்டிகள் காரணமாக நீங்கள் கட்டத்துக்குள் நிற்க நேர்ந்தால்தான் மீறல். குறுக்கே நடந்த ஒருவருக்காக நின்றிருந்தால், அல்லது நீங்கள் நுழைந்தபோது இடம் இருந்து, வேறு லேன்காரர் அதில் பாய்ந்திருந்தால், வாதிட இடம் உண்டு. முதலில் நோட்டீஸ் அனுப்பிய அமைப்புக்கு எழுத வேண்டும், அவர்கள் மறுத்தால் மேல்முறையீட்டை விசாரிக்கும் லண்டன் டிரைபியூனல்ஸ். வீடியோ உங்களுக்கு எதிராக இருந்தால் 14 நாளுக்குள் பாதித் தொகையோடு முடித்துக்கொள்ளுங்கள். இதற்கு லைசென்ஸில் புள்ளி ஏறாது.

வேகக் கேமராவின் கடிதம் வேறு ஜாதி, அதைப் போலீஸ் அனுப்புகிறது. யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்பாவிட்டால் அதற்கே 6 புள்ளி. இங்கே டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, தியரி தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கோவையில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இந்த விஷயத்தில் நீங்கள் புது ஓட்டுநர்தான். கையில் போனைப் பிடித்து ஓட்டினால் ஒரே தடவையில் 6 புள்ளி, 200 பவுண்டு. சிக்னலில் நிற்கும்போது பிடித்தாலும் அதேதான்.

டெஸ்ட். ஆறு மைனர் என்பது நல்ல மதிப்பெண், 15 வரை விடுவார்கள். ஓட்டத் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை, இந்த ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அதனால் முப்பது மணி நேரப் பயிற்சி வாங்க வேண்டாம். டெஸ்ட் நடக்கும் பகுதியிலேயே இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு மூன்று தடவை போதும். பயிற்றுநரின் கண்ணாடியில் பச்சை எண்கோண அட்டை இருந்தால் முழுத் தகுதி பெற்றவர், இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் பயிற்சியில் இருப்பவர். நம் ஊரில் ஓட்டி வந்தவர்களிடம் திருத்த வேண்டியவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இண்டிகேட்டர் போட்ட பிறகு கண்ணாடி பார்ப்பது, கிளம்பும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதது, கியர் குமிழ் மேலேயே இடக்கையை வைத்திருப்பது, இறக்கத்தில் கிளட்சை மிதித்து வண்டியை உருள விடுவது, 20 மைல் தெருவில் 26-இல் போவது. 2022 ஜனவரி முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: நீங்கள் திரும்பும் தெருவை ஒருவர் நடந்து கடக்கக் காத்திருந்தாலே வழிவிட வேண்டும். சைக்கிளைத் தாண்ட 30 மைல் வரை ஒன்றரை மீட்டர் இடைவெளி.

அடுத்த டெஸ்டுக்கு எடுக்கும் தேதி குறைந்தது 10 வேலை நாளாவது தள்ளி இருக்க வேண்டும். அரசு இணையதளத்தில் வார நாள் கட்டணம் 62 பவுண்டு. சீக்கிரத் தேதி வாங்கித் தருகிறேன் என்று கூடுதலாகக் கேட்பவரிடம் லைசென்ஸ் எண்ணைக் கொடுக்காதீர்கள். இணையதளத்தில் கிடைத்த தேதியை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது ரத்து செய்த இடம் வருகிறதா என்று காலையில் நீங்களே பாருங்கள்.

இதில் அவசரம் இருக்கிறது. இந்திய லைசென்ஸில் இங்கே ஓட்டுவது நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே. சிங்கப்பூர் லைசென்ஸ் என்றால் டெஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம், இந்தியா, இலங்கை, மலேசியா லைசென்ஸுக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம். அதற்குள் பாஸ் ஆகாவிட்டால் மறுநாளிலிருந்து நீங்கள் கற்பவர்: சிவப்பு எல் பலகை, பக்கத்தில் 21 வயது நிரம்பி மூன்று வருடம் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர், கற்பவருக்கான இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எந்த லைசென்ஸ் என்று சொல்லியிருக்கிறீர்களோ அது மாறும் நாளில் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காலாவதி ஆன பிறகு பழையபடி தனியாக ஓட்டி மாட்டினால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். 300 பவுண்டு, 6 புள்ளி, காரையும் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்த கோடை என்பது அந்த 12 மாதத்துக்கு அப்பால் விழுகிறது. ஆக இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு ஹாரோவிலிருந்து, காரை ஏற்றிக்கொண்டு பிரான்ஸ் போகும் ஃபோக்ஸ்டன் சுரங்க ரயில் நிலையம் வரைகூட நீங்கள் தனியாக ஓட்ட முடியாது. கற்பவரின் லைசென்ஸ் வெளிநாட்டில் செல்லாது. பிரிட்டிஷ் முழு லைசென்ஸ் அட்டை கிடைத்துவிட்டால் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி எங்கும் வேறு பத்திரம் இல்லாமல் ஓட்டலாம்.

அப்படிப் போகும்போது சில விஷயங்கள். காரின் பின்னால் யூகே ஸ்டிக்கர் ஒட்டுங்கள், பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பரிலிருந்து செல்லாது. ஹெட்லைட்டுக்கு ஒளி திருப்பும் ஒட்டு வேண்டும், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பிரான்ஸுக்கு எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலாடையும் கட்டாயம். மேலாடையை டிக்கியில் வைக்காமல் சீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், வண்டியை விட்டு இறங்கும் முன் போட வேண்டும். ஜெர்மனியின் பல நகரங்களுக்குள் நுழையப் புகை அளவைக் குறிக்கும் பச்சை ஸ்டிக்கர் தேவை, வீட்டிலிருந்தே முன்கூட்டி வரவழைத்துக்கொள்ளலாம். வேக எல்லை பிரான்ஸ் மோட்டார்வேயில் 130 கிலோமீட்டர், மழையில் 110. பெல்ஜியத்தில் 120.

பலகையோ கோடோ இல்லாத தெருச் சந்திப்பில் இந்த மூன்று நாட்டிலும் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை, அவர் வருவது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றிய பெரிய நட்சத்திர வட்டத்தில் இந்த விதியே நடக்கிறது, உள்ளே சுற்றுபவர் நுழைபவருக்கு நிற்க வேண்டும். ஜெர்மன் ரவுண்டானாவில் உள்ளே இருப்பவருக்கு உரிமை. நுழையும்போது இண்டிகேட்டர் போடக்கூடாது, வெளியேறும்போது மட்டும். ஆட்டோபானில் நெரிசல் தொடங்கிய உடனே, ஆம்புலன்ஸ் சத்தம் வரும்வரை காத்திருக்காமல், இடக்கோடி லேன்காரர் இடப்பக்கமும் மற்ற எல்லோரும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவே வழி விட வேண்டும். விடாதவருக்கு 200 யூரோவும் ஒரு மாதம் ஓட்டத் தடையும்.

தப்பான பக்கம் போய்விடும் ஆபத்து மோட்டார்வேயில் குறைவு. காலையில் ஹோட்டல் வாசலிலிருந்து கிளம்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து காலியான சாலைக்குத் திரும்பும்போதும்தான் கை பழைய பக்கம் போகும். பின்தொடர வேறு கார் இல்லாத இடங்கள் அவை. பக்கத்தில் இருப்பவரை ஒவ்வொரு தடவையும் 'வலப்பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டினால், வலப்பக்க ஸ்டீயரிங் காரிலிருந்து முன்னால் தெரியாது. எட்டிப் பார்க்க வெளியே வராமல் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

சுரங்க ரயில் டிக்கெட்டை லைசென்ஸ் அட்டை தபாலில் வந்து சேர்ந்த பிறகு எடுங்கள். அது வராவிட்டால் இந்த முறையும் மச்சானே ஓட்டட்டும்.